ஷேடு மேட்ச் ஆன பன்றிகள்

பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தவன் நான். ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் நிறம் இம்மி பிசகினாலும் ரிஜெக்ட். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பெருமாநல்லூரில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று மகள் சொன்னாள். தெற்கத்திப் பையன், வேறு சாதி ஆட்கள். "ஷேடு மேட்ச் ஆகாது சாமி" என்று தள்ளிவிட்டேன். அழுதாள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனியை மூடியதும் குண்டடத்தில் வெண்பன்றிப் பண்ணை போட்டேன். சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாங்கி வந்ததில் ஓர் ஆண் பன்றி, அடேயப்பா, தொடை புடைத்து, கொழுப்பே இல்லாமல், உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. அதுதான் அப்ரூவ்டு சாம்பிள் என்று முடிவு கட்டினேன். அதன் குட்டிகளில் புள்ளி விழுந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, வெள்ளைப் பெட்டைகளை மட்டும் வளர்த்து, அந்தத் தகப்பனோடேயே சேர்த்தேன். அடுத்த ஈற்றுக் குட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. மகளைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவள் தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த ஈற்றின் முதல் கறி நல்லூரில் ஓர் அஸ்ஸாம் டெய்லர் வீட்டு விருந்துக்குப் போனது. மறுநாள் அவர் சட்டியோடே வந்து நின்றார். "அண்ணா, இது கறி இல்லை, பானி!" வெளிறிப்போய், தண்ணீர் விட்டு, ஒரே சலவையில் சுருங்கிய பனியன் மாதிரி கிடந்தது.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சதை ஏத்தற குணத்தோடவே இந்தக் கோளாறும் ரத்தத்துல வருதுங்க. ஒரு பக்கம் வந்தா அவ்வளவாத் தெரியாது. தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் வந்தா இப்படித்தான். ஏனுங்க, பங்காளிங்கன்னு ஒரே கூட்டத்துல பொண்ணு எடுக்க மாட்டீங்க, இதுக்கு மட்டும் பாக்கலீங்களா? வெளி ரத்தம் கொண்டாங்க."

மகள் வாளியோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"வெளி ரத்தம் பன்னிக்கு மட்டுந்தான் ஆகுங்களாப்பா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று நாள் கழித்துப் பல்லடம் பக்கமிருந்து காது கறுத்த ஆண் பன்றி ஒன்றை வாங்கி வந்து இறக்கினேன். இறக்கின கையோடு அவளிடம், "அந்தப் பையனை ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வரச் சொல்லு கண்ணு" என்றேன்.

"அவருக்குத் தை மாசமே கல்யாணம் ஆயிருச்சுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, புதுப் பன்றிக்குத் தவிடு கொட்டப் போனாள்.