நாற்பத்தெட்டு என்றதும் சிரித்தவன்

களமருதூர் கண்ணாயிரம் போலீஸ்காரனாகாமல் போனது ஒரே ஒரு சென்டிமீட்டரால். இருபத்திரண்டு வயதில் செலக்‌ஷனுக்குப் போனான். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் அவனுக்குப் பின்னால் வந்தவன் ஐம்பது அடி தள்ளித்தான் வந்தான். அப்புறம் உயரம் அளக்கிற கட்டையின் கீழே நிற்கவைத்தார்கள். நூற்று எழுபது வேண்டும், நூற்று அறுபத்தொன்பதில் நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தான், குதிகாலைத் தூக்கிப் பார்த்தான். "காலக் கீழ வைய்யா, அடுத்த ஆள் வா" என்று அனுப்பிவிட்டார்கள். மனுஷனுக்கு அதற்கப்புறம் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, குத்தகை நிலத்தில் எத்தனையோ போகம் விளைந்தது. ஆனால் மனசு அந்தக் கட்டையின் கீழேயே நின்றுவிட்டது.

தான் ஆகாததை ஊர்ப் பிள்ளைகளை ஆக்கிக் காட்டுகிறேன் என்று விடிகாலையில் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவான். பத்துப் பதினைந்து பையன்களும் பெண்களும் அவனிடம் ஓடப் பழகினார்கள். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டான், அதைச் சொல்லியாக வேண்டும். அவனுடைய பயிற்சியில் ஒரு விசேஷம் உண்டு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னாலேயே, மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு நிமிஷம் முழுசாக நாடியை எண்ண வேண்டும். கரைக்கு வந்ததும் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். "நெஞ்சு பலமாச்சின்னா மெதுவா அடிக்கும். மெதுவா அடிச்சா நீ ரெடின்னு அர்த்தம்" என்பான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. செவ்வந்தி என்று ஒரு பெண் எழுபத்தெட்டோடு வந்தாள். ஒன்றரை வருஷம் ஓடினாள். நாடி ஐம்பத்தாறுக்கு இறங்கிய வருஷமே செலக்‌ஷனில் ஜெயித்து, காக்கி உடுப்போடு வந்து அவன் காலில் விழுந்தாள். அன்றைக்கு அழுதான் பாருங்கள் அந்த அழுகை! அன்றிலிருந்து நாடி சொன்னதுதான் அவனுக்குச் சாமி வாக்கு.

அவனுக்கு ஒரே பெண், இசைவாணி. அவள் ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் கை பிடித்துப் பார்த்தார். இவளுக்குத் தொண்ணூறு. இவ்வளவு அடிக்கிறதே என்று அவள் அம்மா அம்சவள்ளி பயந்துபோய்க் கேட்டாள். "சின்ன புள்ளைங்களுக்கு ஜாஸ்தியாத்தான் அடிக்கும்மா. வளர வளரக் கம்மியாயிடும்" என்றார் நர்ஸம்மா. பக்கத்தில் நின்ற கண்ணாயிரம் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டான். வளர்கிற பிள்ளைக்கு நாடி இறங்கும், ஓடுகிற பிள்ளைக்கும் நாடி இறங்கும். அப்படியானால் இறங்க இறங்க மகள் உயர்கிறாள், போலீஸ் ஆகிறாள் என்று கணக்குப் போட்டுவிட்டான். போலீஸில் பெண்களுக்கு நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் உயரம் போதும். இவனோ நூற்று அறுபத்தைந்துக்கு ஆசைப்பட்டு, மகளையும் தினமும் ஏரிக்கரையில் ஓடவிட்டான்.

பதினோரு வயதில் எழுபத்தெட்டு. பன்னிரண்டில் அறுபத்தைந்து. பதின்மூன்று நடக்கும்போது ஐம்பத்தைந்து. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வருவான். வீட்டுச் சுவரில் மகளை நிற்கவைத்துப் போட்ட கரிக்கோடு மட்டும் ஆறாம் வகுப்பிலிருந்து அதே இடத்தில் இருந்தது. நூற்று முப்பத்திரண்டு. அதையும் அவன்தான் அளந்தான், கண் தெரியாமல் போய்விடவில்லை. "மொதல்ல நெஞ்சு ரெடியாவும், அப்பறம் ஒடம்பு ஒரே வீச்சுல ஏறும்" என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். வேப்பமரக் கிளையில் மகளைத் தொங்கவிட்டு ஐம்பது எண்ணுவான். கை நழுவி விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான்.

அம்சவள்ளிக்கு உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு ஆறாவதுல எடுத்த பாவாட கணுக்கால தொட்டுக்கினு நிக்குது. வயித்துலதான் புடிக்குது. இது வளர்ற புள்ளயாங்க?"

"மெதுவா வளர்றதுதான்டி நெட்டையா வரும்."

"சித்திர வெயில்ல போர்வய இழுத்துப் போத்திக்கினு படுக்குதுங்க. கையத் தொட்டா ஜில்லுனு கீது. மூஞ்சி ஊதிப்போச்சி. பிரேயர்ல பாடுற புள்ள, இப்ப தொண்ட ஆம்பளயாட்டம் கரகரங்குது. ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டலாம்."

"சோம்பேறித்தனத்துக்கு எந்த டாக்டர் ஊசி போடுவான்? நாடி அம்பத்தஞ்சு! உனக்கு அடிக்குமா அப்பிடி? எனக்கே அடிக்காது. நாடி பொய் சொல்லாது, நீ வாய மூடு."

அவள் மூடிக்கொண்டாள். அதற்காக அவள் இன்றைக்கு வரைக்கும் தன் வாயில் தானே அடித்துக்கொள்கிறாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஓட்டம் வைப்பது கண்ணாயிரத்தின் வழக்கம். வேன் பிடித்து எல்லாரையும் கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இறக்குவான். அங்கிருந்து வெள்ளிமலை போகிற ரோட்டில் ஏற்றம் ஏற்றமாக ஓட வேண்டும். இந்த வருஷம் முதல் தடவையாக இசைவாணியையும் கூட்டிப் போனான். முதல் வளைவிலேயே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது வளைவில் நடையும் இழுத்தது.

"இன்னாடி, ஊர்கோலம் போற மாரி வந்துக்கினுகீற?"

"முடிலப்பா."

"முடிலன்ற பேச்சே நம்ம வூட்ல கெடையாது. கால எடுத்து வை."

மூன்றாவது வளைவில் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். கண்ணாயிரத்துக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம், பளாரென்று கன்னத்தில் அறைந்துவிட்டான். பாவி! அந்தப் பிள்ளை அழவில்லை. அடி எங்கே விழுந்தது என்று யோசிக்கிறவள்போலக் கன்னத்தை மெதுவாகத் தடவினாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

மேலே போனவர்கள் திரும்பி வரும்வரை அவள் அப்படியே கிடந்தாள். வந்தவர்கள் இரைக்க இரைக்கச் சுற்றி நின்றார்கள். கண்ணாயிரம் பழக்கதோஷத்தில் மகளின் கையைப் பிடித்து எண்ணினான். எண்ணி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நாப்பத்தெட்டு! டேய், பாருங்கடா, மலை ஏறி வந்தவளுக்கு நாப்பத்தெட்டு! உங்கள்ல எவனுக்காவது வருமா?"

யாரும் கைதட்டவில்லை. கமலா என்கிற பெண், பயிற்சிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, தன் கழுத்தில் விரலை வைத்தபடி கேட்டாள். "அண்ணே, எனக்கு நூத்தி முப்பது அடிக்குது. நெஞ்சு பலமானாத்தான் மெதுவா அடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? இவளால மூணு வளைவுக்கு மேல ஏற முடியலியே. கை வேற இந்த வெயில்ல ஐஸாட்டம் கீது."

கண்ணாயிரம் மகளின் கையை விட்டுவிட்டுக் குனிந்தான். அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருஷமாக மணிக்கட்டையே பார்த்தவன் அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தான். கண்ணிமை இரண்டும் வீங்கிக் கிடந்தன. தோல் வெளுத்து, வறண்டு, செதில் செதிலாக இருந்தது. "பாப்பா" என்றான். "பாப்பா, இங்க பாருடி." அவள் கண்ணைத் திறக்கவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் ஓடினான். அவன் வாழ்க்கையில் ஓடிய ஓட்டத்திலேயே அதுதான் வேகமான ஓட்டம் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் ராதிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க நாடி பிடித்தார். வயது கேட்டார். பதின்மூன்று என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "எட்டு வயசுன்னு நெனச்சேன்" என்றார். கழுத்தைத் தடவினார். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார், பாதம் துள்ளிவிட்டுத் திரும்பி வருவதற்குச் சோம்பல் பட்டது. ரத்தம் எடுத்தார்கள், இடது கையை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வார்டில் கட்டில் போட்டார்கள். சேதி போய், அம்சவள்ளி அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் டாக்டர் இருவரையும் கட்டிலருகே கூப்பிட்டு உட்காரவைத்தார். "தைராய்டு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். இத்தன நாளா யாரும் எதையும் கவனிக்கலயா?"

"நான் டெய்லி நாடி பாத்தேன் மேடம்" என்றான் கண்ணாயிரம். "எறங்கிக்கினேதான் இருந்துச்சி. வளர்ற புள்ளைக்கு எறங்கும்னாங்க."

"எறங்கும். வருஷத்துக்கு ரெண்டு மூணுன்னு மெதுவா எறங்கும், கூடவே புள்ள வளரும். உயரம் அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"ஏறுச்சா?"

"ஆறாவதுலேர்ந்து அதே கோட்டுலதான் நிக்குது மேடம்."

"புள்ள வளராம நாடி மட்டும் எறங்கினா அது பலம் இல்லீங்க. உடம்பே அடங்கிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணே தொறந்திருக்காது." டாக்டருக்கும் குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது. பிறகு கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இவ்வளவு அசதியா இருந்திருக்கே, நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடச் சொல்லுவாரு டாக்டர். அதான் சொல்லல" என்றாள் இசைவாணி. ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்து வந்தது.

அம்சவள்ளி அங்கேயே, நாலு பேர் பார்க்க, புருஷன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "பாவாட கட்டையாவலன்னு சொன்னேனே! கை ஜில்லுனு கீதுன்னு சொன்னேனே! என் வாய மூட வெச்சியே, நீ நல்லா இருப்பியா?" அவன் தடுக்கவில்லை. குத்து வாங்கிக்கொண்டே டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "மேடம், என் கால்ல ஒரு ஜாண் வெட்டி அவளுக்கு வெக்க முடியும்னா வெட்டிக்குங்க மேடம். எம்புள்ள வளருவாளா?"

"எலும்பு ஒம்பது வயசு எலும்பாட்டம் இருக்கு, எலும்பு வளர்ற இடம் இன்னும் மூடல. தினமும் வெறும் வயித்துல மாத்திர போடணும், விடவே கூடாது. வளருவா. ஆனா போன ரெண்டு வருஷத்த முழுசா திருப்பித் தர முடியும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

அன்று பகல் முழுக்கக் கண்ணாயிரம் வார்டுக்கு வெளியே சுவரோரம் குந்தியிருந்தான். ஏரிக்கரைப் பிள்ளைகள் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. தன் மூன்று விரலையும் பார்த்தான், ஒடித்துப் போட்டுவிடலாம்போல் வெறுப்பாக வந்தது. சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பான்? இறங்கட்டும், இறங்கட்டும் என்று தினமும் கும்பிட்டு வாங்கியவன் அவன்தான்.

நாலு நாள் கழித்து, மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் முன்னால் ஒரு சீட் கிடைத்து அம்சவள்ளி உட்கார்ந்தாள். பின்னால் அப்பனும் மகளும். அவள் ஜன்னலோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் தாண்டியதும் கண்ணாயிரம் சொன்னான்.

"இனிமே நீ ஓட வேணாம் பாப்பா. தொங்க வேணாம். ஒண்ணும் வேணாம்."

அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தான்.

"நூத்தி அம்பத்தொம்போது வரலன்னா?" என்றாள்.

"வராட்டி போவுது."

"அப்பவும் நான் உனக்கு வேணுமாப்பா?"

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கண்ணாயிரம் வாய்விட்டு அழுதான். நாற்பது வயது ஆம்பளை, துண்டை வாயில் திணித்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. "வேணும்டி. நீதான்டி வேணும், வேற இன்னாடி கீது எனக்கு?" என்றான். அவள் வீங்கிய கண்ணை அகலத் திறந்து, அவன் சொல்வது நிஜமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"அப்பறம் ஏன்பா அடிச்ச?"

பஸ் தியாகதுருகத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.