அளக்காமல் விட்ட வட்டம்

1961 ஜூன் 9, வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால் மணி. இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கத்தில் மூன்று நாளாக விடாத மழை. சட்டையைக் கழற்றினேன். வயிற்றுத் தோல் துணியோடு உரிந்து வந்தது.

நான்கு மாதம் முன்பு பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டியெடுத்து, குடலை வயிற்றின் வலப்புறம் வெளியே தைத்து வைத்திருந்தார்கள். ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் வாய்) என்பார்கள். அந்த இடத்தில் மலம் இறுகாமல் கூழாகவே வரும். தோலில் பட்டால் அரிக்கும். நடுவே துளை வெட்டிய பிளாஸ்டரைச் சுற்றிலும் ஒட்டி, அதன்மேல் ரப்பர் பையை வாரால் கட்ட வேண்டும். துளையின் அளவுக்கு நர்ஸ் ஓர் அட்டை வட்டம் தந்திருந்தார்.

முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். பை மாற்றிய தடவைகளைக்கூட எண்ணி வைத்தேன். அந்த வாயை மட்டும் பார்க்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கைத்தடவலில் பையை மாட்டினேன். மனைவி செல்லம்மாவை அறைக்குள் விடவில்லை. நாற்றத்துக்குப் பயந்து கார்பாலிக் சோப்பால் அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவந்தது, பிறகு கசிந்தது. கசிந்த தோலில் பிளாஸ்டர் ஒட்டவில்லை. ஒட்டாததால் இன்னும் ஒழுகியது.

மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தாரை வார்க்க வேண்டியவன் நான்.

அன்று நான் முனகியதைக் கேட்டுச் செல்லம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கொழுந்துல அரை றாத்தல் தண்ணி இருந்தாலும் கண்டுபிடிப்பீங்க. ஒங்க வயித்தப் பாக்க மட்டும் கண்ணு இல்லையா?"

"கதவச் சாத்து. நாறுது."

"நாறட்டும். நாலு மாசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்து மோந்துக்கிட்டுதான இருக்கேன்."

அவளே என்னை ஹட்டனுக்கு பஸ் ஏற்றினாள். அங்கே ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் என் அட்டை வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப வெட்டின அட்டை?"

"ஆஸ்பத்திரியில தந்ததுங்க."

"இன்னும் இதை வச்சோ வெட்டுறியள்? வீக்கம் வத்த வாய் சுருங்குமெல்லோ. ஒருக்காலும் அளந்து பாக்கேல்லையோ?"

வாய் சுருங்கியிருந்தது; துளை பழைய அளவிலேயே இருந்தது. இடையில் விரலகலத்துக்கு வளையமாகத் தோல் திறந்து கிடந்து வெந்திருந்தது.

"ரெண்டு கிழமை பை கட்டக்கூடாது. படுத்திருந்து மருந்து போடுங்கோ."

"பதினெட்டாந் தேதி மக கல்யாணமுங்க."

"எழும்பித் திரிஞ்சா புண் உள்ளுக்கு இறங்கும் ஐயா."

இரண்டு வாரமும் படுத்தேன். செல்லம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். தேய்க்காமல் ஒற்றி உலரவிட்டு, துத்தநாகக் களிம்பைத் தடவினாள். முதல் இரண்டு நாள் என் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

மேளச் சத்தத்தைக் கட்டிலில் இருந்தே கேட்டேன். தம்பிதான் தாரை வார்த்தான். பிறகு மகள் கூறைச் சேலையோடு அறை வாசலுக்கு வந்தாள்.

"அங்கேயே நில்லும்மா. கிட்ட வராத."

"ஏன், மூக்கு எனக்கா ஒங்களுக்கா?" என்று உள்ளே வந்து காலைத் தொட்டாள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் தோல் மூடியது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முகத்தைத் திருப்பாமல் அந்த வாயைப் பாருங்கள். முதல் மாதங்களில் வாரம் ஒருமுறையாவது அளந்து, வாயை ஒட்டியபடி துளை வெட்டுங்கள். களிம்பின் பிசுக்கு இருந்தால் பிளாஸ்டர் பிடிக்காது. தோல் ஆறியபின் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த தோலில் ஒட்டுங்கள்.

முன்பு வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணிதான் என் நாளைத் தொடங்கி வைத்தது. இப்போது இந்த வாய் நினைத்த நேரத்தில் தொடங்குகிறது. பை நிறைவதற்குள் எவ்வளவு தூரம் போய்வரலாம் என்பதே எனக்குப் பொழுது. தினமும் பார்க்கிறேன். செல்லம்மா விளக்கைப் பிடிக்கும்போது இன்றும் கூசுகிறது.

அந்தப் புண்ணை ஆற்ற பஸ், களிம்பு, பஞ்சு, பிளாஸ்டர் எல்லாம் சேர்த்து ஆனது ஐந்து ரூபாய் எண்பது சதம்.