தட்டினால் கேட்கிற இடம்

"அண்ணாச்சி, ஸ்கூல் பாக்கணும். ஒரு நாள் கூட்டிட்டுப் போறீயளா?" என்று மாரீஸ்வரி கேட்டது மே மாதத்தில். எந்த ஆட்டோக்காரனும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். மகள் சுபிக்ஷாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பார்க்கிறாள். எந்தப் பள்ளிக்கு வேன் வரும், எதில் தமிழ் சொல்லித் தருவார்கள், எதில் மலையாளம் மட்டும் என்று வாளையார் ஸ்டாண்டிலிருந்து அவள் வீட்டு வாசல் வரைக்கும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போதுதான் சொன்னாள்.

"பிள்ளைக்கு இல்ல. எனக்கு."

முதியோர் கல்வியா என்று கேட்டேன். அவள் போனை நீட்டினாள். அதில் ஒரு தடியன் ஒரு ஒல்லிப் பெண்ணின் மேல் குறுக்காகப் படுத்து அமுக்கிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில் என்ன கருமம் இது என்று போனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"சண்டைய விடுங்க. கீழ கிடக்குற பொண்ணோட மூச்சப் பாருங்க," என்றாள்.

பார்த்தேன். அந்தப் பெண் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்தவளைப் போல நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பெயர் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்றும், பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் சொல்லித் தருகிறார்கள் என்றும் மாரீஸ்வரி சொன்னாள்.

"பேரே ஜுஜுபியா இருக்குது அம்மிணி," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். அண்ணா என்று கூப்பிடு என்று பல தடவை சொல்லிவிட்டேன். கேட்கிற ஜாதியில்லை அவள். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, அங்கேயே பொன்ராஜைக் கட்டிக்கொண்டவள். ஒரு ஆடி மழையில் லயத்தின் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து வீட்டுச் சுவரோடு உள்ளே வந்துவிட்டது. காய்ச்சல் என்று அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இவள் மட்டும் படுத்திருந்தாள். பிள்ளை கைக்குழந்தை, பக்கத்து லயத்தில் பெரியம்மாவிடம் இருந்தது. காலையில் மண்ணுக்கு அடியில் போனவளைப் பொழுது சாயத்தான் வெளியே எடுத்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதன் பிறகு மலையே வேண்டாம் என்று பொன்ராஜ் இங்கே சிமென்ட் லோடு லாரிக்கு வந்துவிட்டான்.

எலும்பு முறியவில்லை, சரி. ஆனால் போர்வை போர்த்த மாட்டாள். கூட்டமான பஸ்ஸில் யாராவது நெருக்கினால் பாதி வழியில் இறங்கிவிடுவாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுபிக்ஷா ஆசையாக அம்மா நெஞ்சின் மேல் ஏறிப் படுத்தால், இவளை அறியாமலே இவள் கை தள்ளிவிடும். அப்படித் தள்ளியதில் ஒரு தடவை கட்டில் விளிம்பு பட்டுப் பிள்ளைக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் ஆட்டோதான். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை கட்டிலின் அந்தக் கோடியில் படுத்துக்கொண்டு, "அம்மா, கைய மட்டும் மேல வெச்சுக்கிடட்டா?" என்று அனுமதி கேட்கிறதாம். இதைச் சொல்லும்போது மாரீஸ்வரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ கிடந்து மூச்சு விட யாராச்சும் சொல்லித் தந்தாக் கத்துக்கிடுவேன் அண்ணாச்சி," என்றாள்.

முதலில் பாலக்காடு டவுனில் ஒன்றைப் பார்த்தோம். கண்ணாடிச் சுவர், ஏசி, வாசல் முழுக்கக் கோப்பைகள். பெண்களுக்குத் தனி நேரம், பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம். நான் மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். உள்ளே இரண்டு பையன்கள் மெத்தையில் கட்டிப் புரண்டார்கள். கீழே இருந்தவன் கழுத்து சிக்கிக்கொண்டதும் மெத்தையைத் தட்டினான். தட்டினால் போதும், விட்டுவிட வேண்டும் என்பது இதில் வழக்கமாம். மேலே இருந்தவன் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, அப்புறம் விட்டான். மாஸ்டரும் கூடச் சிரித்தார். மாரீஸ்வரி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மிணி, ஏசி எல்லாம் இருக்குதல்ல?" என்றேன்.

அடுத்தது கோயம்புத்தூர். என் வண்டிக்கு எல்லை தாண்ட பெர்மிட் கிடையாது. ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு அவளோடு பஸ்ஸில் போனேன். எனக்கென்ன தலையெழுத்தா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நெற்றித் தையல் என் கண்ணை விட்டுப் போகவில்லை, அதுதான் காரணம். அந்த இடம் இன்னும் பிரமாதம். சுவர் முழுக்கச் சான்றிதழ். ஆனால் ஒரு பெண் கீழே மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினபோது, மாஸ்டர் மெத்தை ஓரத்தில் நின்று, "தட்டாதே! தாங்கு! தட்டினா தோத்துட்டேன்னு அர்த்தம்!" என்று கத்தினார். அந்தப் பெண் தட்டாமல் முகம் சிவக்கத் தாங்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் மாரீஸ்வரியைக் காணோம், படியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு மாப்பிள்ளையா பாக்கறோம்? இது நொட்டை, அது நொட்டைன்னா எப்படி?" என்று பஸ்ஸில் ஏறியதும் கத்திவிட்டேன். எட்டிமடை தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்குக் கதவு என் மேல விழுந்து, அதுக்கு மேலதான் மண்ணு விழுந்துச்சு. ஒரு கை மட்டும் அசைஞ்சுது. அந்தக் கையால கதவத் தட்டுனேன். மேல ஆளுக பேசுறது எனக்குக் கேக்குது. அவுக பேரெல்லாம் எனக்குத் தெரியுது. தகரத்துல மழை விழுற சத்தத்துல நான் தட்டுறது அவுகளுக்குக் கேக்கல. தட்டிக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி."

அட முட்டாளே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நான் ஏசியையும் பஸ் ஸ்டாப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்ததெல்லாம் அந்த மாஸ்டர்களுடைய காதை.

மூன்றாவது இடத்தைச் சொன்னவன் எங்கள் ஸ்டாண்டு பையன். கஞ்சிக்கோடு பக்கம் ஹைவேயை ஒட்டி ஒரு பழைய அரிசி குடோன். தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி, பழைய மெத்தைகள். டிஜோ, ஜின்சி என்று புருஷன் பெண்டாட்டி நடத்துகிறார்கள். டிஜோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். ஜின்சி அவன் தோளுக்குக் கூட வரமாட்டாள். போர்டு கூட சரியாக இல்லை. எனக்குத் துளி நம்பிக்கை இல்லை.

மாரீஸ்வரி நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னாள். கதவு, மண், குழந்தை எல்லாம். டிஜோ குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சேச்சி, இவிடெ ஒரே ஒரு நியமம்தான். தட்டினா விடணும். அது இல்லாம வேற ஒண்ணும் இல்ல," என்று பாதி மலையாளத்தில் சொன்னான். பிறகு ஜின்சி மெத்தையில் மல்லாந்து படுத்தாள். அவன் தன் முழுக் கனத்தையும் அவள் நெஞ்சின் மேல் குறுக்காக இறக்கினான். நசுங்கிவிடுவாள் என்று நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டேன். அவளோ அந்தப் போன் படத்துப் பெண்ணைப் போலவே சாவதானமாக மூச்சு விட்டாள். மூச்சுக்கு இடம் வேண்டும் என்று முழங்கையை ஒரு அங்குலம் நகர்த்தினாள், இடுப்பைக் கொஞ்சம் திருப்பினாள். அந்த மலை அவள் மேலிருந்து சரிந்து பக்கத்தில் விழுந்தது. வாளையாரில் தண்டவாளத்தைத் தாண்டுகிற யானைக் கூட்டத்தைப் பல தடவை பார்த்தவன் நான். அன்றைக்கு அந்தச் சின்ன உடம்பைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"இப்ப நான்," என்றாள் மாரீஸ்வரி.

படுத்தாள். ஜின்சி பக்கத்தில் முட்டி போட்டு, மெதுவாக அவள் நெஞ்சின் மேல் சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. தகரக் கூரை கடகடவென்று ஆடியது. மாரீஸ்வரியின் முகம் வெளுத்தது. ஐயோ, இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்று நான் ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டேன். அவள் இரண்டு விரலால் ஜின்சியின் முதுகைத் தொட்டாள். தட்டினாள் என்று கூடச் சொல்ல முடியாது. ஜின்சி அதற்குள் எழுந்து தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மாரீஸ்வரி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டு, சேச்சி. கேட்டுச்சு," என்றாள் ஜின்சி.

"இன்னொருக்க."

மறுபடி சாய்ந்தாள், மறுபடி தொட்டாள், மறுபடி கனம் போய்விட்டது. இன்னொருக்க, இன்னொருக்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ஒரு பிடி கூடக் கற்றுக்கொள்ளவில்லை. தட்டினாள், கேட்டது. அதை மட்டுமே செய்துகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஒழுகியது, துடைக்கவில்லை. டிஜோ போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கடைசித் தடவை அவள் கை எழவே இல்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் நெஞ்சு ஜின்சியையும் சேர்த்துத் தூக்கி இறக்கியது. ஒரு மனுஷி மூச்சு விடுவதைப் பார்த்து இப்படி மலைத்து நின்றது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

ஸ்கூல் அதுதான் என்று முடிவாயிற்று. வாரம் தவறாமல் என் வண்டியில்தான் போய் வந்தாள்.

ஓணம் லீவில் ஒரு மத்தியானம் பொன்ராஜைக் கூப்பிட அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பாய் விரித்திருந்தது. மாரீஸ்வரி மல்லாந்து படுத்திருந்தாள். சுபிக்ஷா ஒரு காலை அவள் மேல் போட்டுக்கொண்டு, வகுப்பு எடுக்கிற தோரணையில் சொன்னாள். "தட்டுனா நான் எந்திரிச்சிருவேன். சரியா?"

"சரி."

பிள்ளை ஏறிப் படுத்தது. முழுசாக, முகத்தை அம்மா கழுத்தில் புதைத்துக்கொண்டு. பொன்ராஜ் சமையலறை வாசலில் தம்ளரும் கையுமாக அசையாமல் நின்றான். நான் செருப்பைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றேன். மாரீஸ்வரியின் கை மேலே எழுந்தது. பிள்ளையின் முதுகில் இறங்கியது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

சுபிக்ஷா சட்டென்று துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். "தட்டிட்ட!"

"ஏட்டி, இது அந்தத் தட்டு இல்ல," என்றாள் மாரீஸ்வரி. "இது தூங்க வைக்கிற தட்டு. வா, ஏறிப் படு."