ஒப்பு நோக்கப்பட்டது

தட்டச்சு செய்த எந்தத் தாளும் எங்கள் அலுவலகத்தில் நேராகக் கையெழுத்துக்குப் போகாது. ஒருவர் வரைவை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் தட்டச்சான பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். கோப்பில் அதற்குப் பெயர் ‘ஒப்பு நோக்கப்பட்டது.’ எங்களுக்குக் கம்பேர் பண்ணுவது. முடிந்ததும் இருவரும் இடது ஓரத்தில் சுருக்கொப்பம் வைப்போம். நாளைக்குப் பிழை கிளம்பினால் யாரைப் பிடிப்பது என்று தேட வேண்டாம் பாருங்கள், அதற்காக.

கும்மிடிப்பூண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்தபோது எனக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓர் அக்கா. உதவியாளர். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அந்த வீட்டிலிருந்து வேலைக்கு வந்த முதல் பெண், அதுவும் ஆறு மாதம் சண்டை போட்டு வந்தவர். அவர் குரல் அப்படி ஒரு குரல். வாக்காளர் பட்டியலைக் கம்பேர் பண்ண உட்கார்ந்தால், கதவு எண், பெயர், தகப்பனார் பெயர், வயது என்று அவர் படிப்பது வராந்தா தாண்டி டீக்கடைவரை கேட்கும். அலுவலகத்தில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். அவரும் சளைக்காமல், “இவங்கல்லாம் வந்து ஓட்டு குத்துனாத்தான் கவர்மெண்டே. மெதுவாவா படிப்பாங்க?” என்பார்.

என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கதிர் அறுத்தவர், பிறகு அத்திப்பட்டு மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி. எங்கள் வீட்டுக்கு நிரந்தரம் என்ற சொல்லைக் கொண்டுவந்தது நான்தான். இரண்டாயிரத்து மூன்றில், பறித்த சலுகைகளைத் திருப்பிக் கேட்டு அரசு ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது என் தகுதிகாண் பருவம் முடியவில்லை. முந்தின நாள் அக்கா என் மேசைக்கு வந்தார்.

“நீ வராத. புரபேஷன் முடியல ஒனக்கு. உள்ளயே இருந்து வேலையப் பாரு. நாங்க பேசி முடிச்சிக்கினு வந்துடுறோம்.”

நான் இரண்டு தடவை மறுத்தேன், மரியாதைக்கு. உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

முதல் நாள் காலையில் வாசலில் போலீஸ் வேன் நின்றது. வேலைக்கு வந்த எங்கள் ஐந்து பேருக்கும் பாதுகாப்பு என்றார்கள். உள்ளே போனதும் கேட்டைப் பூட்டினார்கள். சாப்பாட்டு வேளைக்குக்கூட வெளியே விடவில்லை. நல்ல பாதுகாப்பு! என் மேசை ஜன்னல் ஓரம். கம்பிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் கேட். அங்கே அக்கா முன்னால் நின்று கோஷம் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவர் பார்வை ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் நான் தாள் மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் சென்னையிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. சட்டமன்றம் கூடவில்லை, யாரும் விவாதிக்கவில்லை, வேலைநிறுத்தம் செய்பவர்களை விசாரணையின்றி நீக்கலாம் என்று அவசரச் சட்டம் மட்டும் வந்தது. சங்கத் தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. யார் யார் வரவில்லை என்று மணிக்கொரு தரம் போனில் கேட்டார்கள். பிறகு திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு மாதிரிப் படிவம் வந்தது. பணிநீக்க உத்தரவு. பெயரையும் பதவியையும் மட்டும் நான் நிரப்ப வேண்டும்.

பத்து நிமிடம் தாமதமாக வந்தால்கூட மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, அந்த விளக்கம் ஏன் ஏற்கத்தக்கதல்ல என்று இன்னொரு தாள் போடுகிற இடம் அது. இந்த உத்தரவில் விளக்கம் என்ற சொல்லே இல்லை. நான்கு வரியில் ஓர் ஆளின் இருபது வருடத்தை முடித்திருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் யாரும் வந்து நாற்காலியைப் பிடித்துவிடவில்லை. நாங்கள் பட்டியல் தயாரித்து, நாங்களே விரலில் மை வைத்து, ஓட்டு எண்ணி உட்காரவைத்த அரசு. நானும்தான் போட்டேன்.

கண்காணிப்பாளர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. தாளை என் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, லீவு தருவீர்களா என்று கேட்டேன்.

“இன்னிக்கி லீவு போட்டா அதுவும் ஸ்ட்ரைக்குதாம்மா. நீ அடிக்கலன்னா வேற ஆளு அடிப்பாங்க. அதுல ஒம் பேரும் சேந்து வரும்,” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை.

அடித்தேன். பதினோரு உத்தரவு. பிறகு வழக்கம்போல் கம்பேர் பண்ண வேண்டுமே. நான் படித்தேன், அவர் விரலை ஓட்டினார். வெளியே கோஷம் நின்றிருந்தது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நான்காவதாக அக்காவின் பெயர் வந்தது. மற்ற பெயர்களைப் படித்த அதே குரலில் படித்துவிட்டு ஐந்தாவதுக்குப் போனேன். இடது ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட இன்றைக்கு என்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது.

அன்று மாலை ரயிலில் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த தொழிற்பேட்டை ஆள் அதைப் பார்த்துவிட்டார். “எங்கள தெனம்தான் வேலைய விட்டு அனுப்புறான், ஒரு பேப்பர்கூட இல்லாம. ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுது இல்ல?” என்றார். என் அப்பாவும் அப்படிப் பலமுறை அனுப்பப்பட்டவர்தான். அதைச் சொல்லாமல் பையை இழுத்து மூடினேன். அந்தப் பெட்டியில் எங்களைப் போன்ற அலுவலக ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் கழுத்திலும் அட்டை இல்லை.

அக்காவின் நாற்காலியில் தற்காலிகமாக எடுத்த ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். பழவேற்காட்டில் அவர் வீட்டில், போதும் இனி வீட்டோடு இரு என்று பேச்சு ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று பஸ் ஏறப் பொன்னேரிவரை போனேன். யாராவது பார்த்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் என்ன ஆவது என்று அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

வழக்கு டெல்லிவரை போனது. வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று ஆயிற்று. மன்னிப்புக் கேட்டு, இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா வந்தார். மெலிந்திருந்தார். நிபந்தனையற்ற மன்னிப்பு என்று தொடங்கும் அந்தத் தாளையும் நான்தான் அடித்தேன். எதிரே உட்கார்ந்து வரைவைக் கையில் எடுத்தார்.

“வேணாங்க்கா, ஃபாரம்தான,” என்றேன்.

“எப்பயும் போல செய்வோம்,” என்றார்.

தன் மன்னிப்பைத் தானே படித்தார். எனக்கே குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டதும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நாந்தான உள்ள இருன்னு சொன்னேன், விடு,” என்று அக்கா எழுந்துவிட்டார். நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மறுவாரத்திலிருந்து ஒன்றாகவே சாப்பிட்டோம். அரசாங்கத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. யாராவது தொடங்கினால் அக்கா டிபன் டப்பாவை மூடிவிடுவார்.

சில மாதம் கழித்து அடுத்த தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. பழக்கத்தில் நான் பட்டியலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, பிரதியை எடுத்து முதல் வரியில் விரலை வைத்தார்.

“நீயே படி,” என்றார். “அன்னிக்கி எங்க பேரல்லாம் படிச்சியே, கேட்டுக்கினுதான் நின்னேன். கோஷத்த நானே நிறுத்தச் சொன்னேன். எம் பேரு வரும்போது நிறுத்துவன்னு பாத்தேன். நல்லா படிச்ச. தடங்கலே இல்ல.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அழுதாவது இருப்பேன். அவர் விரல் முதல் வரியிலேயே காத்திருந்தது.

நான் படித்தேன். கதவு எண், பெயர், தகப்பனார் பெயர், வயது.