விடாக்கண்டியைப் பற்றி அறுபத்து நாலு தாள்

விடாக்கண்டி என்ற பெயரை ஜெராக்ஸ் கடைக்காரி முதன்முதலில் கேட்டது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே அவள் கடை. இரண்டு மெஷின், ஒரு கண்ணாடி மேசை, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாத வரிசை. அந்த வரிசையில் நின்ற ஒரு பெண், "இன்னைக்கு விடாக்கண்டி ரூமுக்குப் போகணும்டி, அஞ்சாவது தடவை" என்று தோழியிடம் சொல்லி விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த தாள்கள் பறந்தன.

"யாரும்மா அந்தப் புண்ணியவதி?" என்று கடைக்காரி கேட்டாள்.

"வெப்பவியல் மேடம்க்கா. பாடத்துக்குப் பேரு வெப்பவியல். வேகறது நாங்க."

சூடு எங்கிருந்து எங்கே போகிறது, போன சூடு தானாக ஏன் திரும்பி வருவதில்லை, இதுதான் பாடமாம். தினமும் ஆறின டீயைக் குடிக்கிறவளுக்கு இது ஒரு படிப்பா என்று தோன்றியது. ஆனால் பிள்ளைகள் நகலெடுக்கக் கொண்டுவரும் விடைத்தாள்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கணக்கு எந்த வரியில் சறுக்கியதோ அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், "இங்கே வழி தப்பிவிட்டது. திரும்பி வா" என்று எழுதியிருக்கும். வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்த அம்மாள் அறைக்குப் போய், தப்பின வரியிலிருந்து மறுபடி போட வேண்டும். அவள் விடை சொல்லமாட்டாளாம். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். சரியாக வரும்வரை அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். ஏழு தடவை போனவனும் உண்டு. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். பிள்ளைகள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததில் தப்பே இல்லை.

இரண்டு வருஷம் கடைக்காரி அந்த வசவுகளை எல்லாம் கேட்டாள். தன் பங்குக்கும் நாலு சேர்த்தாள். "பெத்தவளே இந்தப் பேரை வெச்சிருக்கணும்" என்பாள். வரிசை சிரிக்கும்.

இந்தக் கடைக்காரிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஓர் அண்ணன். ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர்க்காரன். கல்யாணம் என்றால் காத தூரம் ஓடுகிறவன். அவர்கள் அப்பா வழியில் ஆண்பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். பெரியப்பா நாற்பதில் பண்ணிக்கொண்டார், சித்தப்பா நாற்பத்திரண்டில். நடுவில் பிறந்த அத்தை மட்டும் இவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பத்தொன்பதில் பண்ணிக்கொண்டு போனாள். அப்படிப்பட்டவன் முப்பத்தெட்டு வயதில் ஒருநாள் தங்கை வீட்டுக்கு வந்து, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றைச் சரிபண்ணப் போனதாகவும், அங்கே ஒருத்தியைப் பார்த்ததாகவும் சொன்னான்.

"மூணு நாள் வேலை. ஏழு நாள் ஆயிடுச்சு."

"ஏன், ரொம்பப் பழுதா?"

"பெட்டி ரெண்டே நாள்ல ஓடிடுச்சு. அவங்க கேள்விதான் முடியல. கம்ப்ரஸரைப் பத்தி நீங்க சொல்ற மாதிரி எந்தப் புஸ்தகமும் சொல்லலன்னு சொன்னாங்க." சொல்லிவிட்டு, காது வரை சிவந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடி, விரல் நுனியில் சுண்ணாம்புத் தூள். கடைக்காரி காப்பி கொடுத்துவிட்டு, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று ஆரம்பித்தாள்.

"உங்க இடத்துல விடாக்கண்டின்னு ஒருத்தி இருக்காளாமே, தெரியுமா?"

"நல்லாவே தெரியும். என்ன சொல்றாங்க அவளைப் பத்தி?"

"அதை ஏன் கேக்கறீங்க! கனவுல கூட வந்து கணக்குக் கேக்கறாளாம்."

"அப்புறம்?"

"கரும்பலகையில அடியில எழுதுவாளாம், கடைசி பெஞ்சுக்கு ஒண்ணும் தெரியாதாம்."

"அப்புறம்?"

"சிரிச்சதை யாரும் பார்த்ததில்லையாம். சிரிச்சா சூடு வீணாயிடும்னு..." இந்த இடத்தில்தான் மூன்றாவது 'அப்புறம்' கடைக்காரியின் காதுக்குள்ளேயே கேட்டது. அண்ணனைப் பார்த்தாள். அவன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நான்தான்" என்றாள் வந்தவள். "நிறுத்திட்டீங்களே, சொல்லுங்க. எங்கிட்ட நேர்ல யாரும் சொல்லமாட்டேங்கறாங்க." கைப்பையிலிருந்து பேனாவை வேறு எடுத்துவிட்டாள். கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் தன்னைத் திட்டுவதை எழுதிக்கொண்டு போன மருமகள் அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கல்யாணம் ஆனது. நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இங்கே சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, "இந்த வாரம் என்ன திட்டினாங்க?" என்று தொடங்கினால் சோறு குழைந்துவிடும். யார் சொன்னது என்று அண்ணி கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. கரும்பலகையில் அடிப்பகுதியில் எழுதுவது அந்த மாதமே நின்றது. சிரிப்புக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முயன்று பார்த்தாள், பிள்ளைகள் இன்னும் பயந்துவிட்டார்கள் என்று கடையில் தகவல் வந்தது.

ஆனால் விடாக்கண்டியின் வேலை தற்காலிக வேலை. வருஷா வருஷம் காகிதம் புதுப்பித்துப் புதுப்பித்துப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷம் நிரந்தர இடம் ஒன்று வந்தது. கிடைத்தால் அவளுக்கு, கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து வேறு ஒருவர் வருவார், அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். துறைத்தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு முடிவு செய்யும். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அறுபத்து நாலு பேரும் பெயர் போடாமல் கருத்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். கண்டிப்பான மனுஷர், சட்டைப் பித்தான் கழுத்து வரை போடுகிறவர்.

அந்த அறுபத்து நாலு தாளும் ஐந்து நகலுக்காகக் கடைக்காரியின் கைக்கே வந்தன. துறை அலுவலகத்து உதவியாளர் உறையைக் கொடுத்துவிட்டு, "அக்கா, பத்து நிமிஷத்துல வேணும்" என்று வாசலில் நின்றார்.

அண்ணியின் தலையெழுத்து கடைக்காரியின் கையில் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் தாளைப் படிப்பது இந்தத் தொழிலுக்கு ஆகாது. டாக்டர் சீட்டு வரும், விவாகரத்து மனு வரும். கண் பார்க்கலாம், மனசு படிக்கக் கூடாது. அதனால் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று மேலாக நாலு தாளைப் புரட்டினாள்; நாலும் வெள்ளை. ஒரு பக்கம்தான் என்று முடிவு பண்ணித் தாள்கட்டை அப்படியே மெஷினில் வைத்துப் பித்தானை அழுத்தினாள். படிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் ஐந்தாவது தாளைப் புரட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை சாயங்காலம், விடாக்கண்டி கடைக்கு வந்தாள். காகிதப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"குழுவுல இன்னைக்குக் கூப்பிட்டுப் பேசினாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு முடிவு. கிடைக்காதும்மா."

"யார் சொன்னது?"

"பசங்க எழுதினதைத் தலைவர் வாசிச்சார். 'இவரை என் வாழ்நாளில் மறக்கவே.' அவ்வளவுதான். இன்னொண்ணு, 'இந்தப் பாடத்தை இவர் இனி யாருக்கும் நடத்தக் கூடாது என்று.' அதுவும் அங்கேயே நிக்குது. பாதிக்கு மேல அப்படித்தான். ஒரு வாக்கியத்தை முடிக்கக்கூட முடியாத அளவுக்குப் பிள்ளைகள் நடுங்கிப் போயிருக்காங்கன்னு சொல்றார்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் அவ்வளவு மோசமா?"

நம் பேச்சில் ஆளும் பேரும் முன்னால் போகும். ஆமாவா இல்லையா என்பது வாக்கியத்தின் வாலில்தானே இருக்கிறது! அந்த வாலை அறுத்தது யார்?

"அண்ணி, தப்பு என் மேல. நாலு தாளைப் புரட்டினேன். அஞ்சாவதைப் புரட்டல. மிச்சம் பின்பக்கத்துல இருக்கு."

விடாக்கண்டி அவளையே பார்த்தாள். கடைக்காரி திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணிக்காரியோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனால், சிரிப்பு. கண்ணில் நீர் வரும் சிரிப்பு. வரிசையில் நின்ற மூன்று பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"நாலு தாள் வெள்ளையா இருந்தா அறுபத்து நாலும் வெள்ளையா? முதல் வருஷப் பசங்க பண்ற தப்பும்மா இது!"

"சிரிக்காதீங்க அண்ணி. நீங்க போய்ச் சொல்லுங்க."

"நான் அந்தத் தாளைத் தொடவே கூடாது. என்னைப் பத்தினதாச்சே. போனா நீதான் போகணும்."

மறுநாள் ஒன்பதுக்கெல்லாம் கடையைப் பூட்டிவிட்டுக் கடைக்காரி கிளம்பினாள். இருபது வருஷமாக எதிரே கடை வைத்திருந்தும் அந்தக் கட்டிடத்தின் படி ஏறினது அன்றுதான். தலைவர் அறையில் குழுவில் மூன்று பேர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீங்க யாரு?" என்றார் தலைவர்.

"ஜெராக்ஸ் கடைக்காரி சார்." மறைத்தால் பிறகு வேறு மாதிரி ஆகும். "அவங்களுக்கு நாத்தனாரும் நான்தான்."

தலைவர் புருவம் நெற்றிக்கு ஏறியது. "நாத்தனாரா? அப்ப அண்ணிக்குச் சாதகமாப் பேச வந்திருக்கீங்க."

"நாத்தனா அண்ணிக்குச் சாதகமாப் பேசினா உலகத்துல யார் சார் நம்புவாங்க? என்னை நம்ப வேணாம். அசல் உங்க பீரோவுல இருக்கு. திருப்பிப் பாருங்க."

மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை, பீரோவைத் திறந்தார். முதல் நாலு தாள் வெள்ளை. ஐந்தாவதை எடுத்து, "இவரை என் வாழ்நாளில் மறக்கவே" என்று வாசித்து, திருப்பினார். "முடியாது. ஆனால் வியாழக்கிழமை அந்த அறைக்கு ஒரு ஃபேன் போடுங்கள்."

அடுத்தது. "இந்தப் பாடத்தை இவர் இனி யாருக்கும் நடத்தக் கூடாது என்று..." திருப்பினார். "சொல்கிறவர்களில் ஒருவன்கூட ஆறாவது தடவை போனதில்லை. நான் போனேன். புரிந்தது."

கடைக்காரி தைரியமாக நிமிர்ந்தாள். தலைவர் இன்னொன்றை எடுத்தார். "முதலில் இவருக்குக் கல் நெஞ்சு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது..." திருப்பினார். "கருங்கல்."

"அதுவும் இருக்கட்டும் சார்" என்றாள் கடைக்காரி. "வந்ததை வந்தபடி எடுத்துத் தர்றேன்."

உதவியாளரை அசல் தாள்களோடு கூட அனுப்பினார்கள். கூட்டம் பதினொரு மணிக்குத் தள்ளிப்போனது. கடைக்காரி இந்தத் தடவை மெஷினை நம்பவில்லை. ஒவ்வொரு தாளாகக் கண்ணாடி மேல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், வெள்ளையாக இருந்தாலும் பின்பக்கம் என்று எடுத்தாள். உதவியாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஐந்து கட்டும் போய்ச் சேர்ந்தன.

ஒரு மணி வரை ஒரு தகவலும் இல்லை. கடையில் வந்தவனுக்குக் கேட்டது ஒன்று, இவள் கொடுத்தது ஒன்று. ஒன்றேகாலுக்கு அண்ணன்காரன் எங்கேயோ ஏசி ரிப்பேருக்கு ஏணி மேல் நின்றபடி போன் பண்ணினான்.

"கிடைச்சிடுச்சு! மூணுக்கு ரெண்டாம்!"

"மூணு பேர் யாருண்ணா?"

"அதை விடு. தலைவர் நம்ம பக்கமாம்!"

அன்று சாயங்காலம் கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் டீ. விடாக்கண்டி அறையில் கணக்குப் பார்த்து முடித்து ஆறு மணிக்குத்தான் வந்தாள். முகத்தில் சந்தோஷம் பாதி, யோசனை பாதி.

"என்ன அண்ணி இன்னும்?"

"அந்தக் கருங்கல் எழுதினவன். அவன் எந்த வாரத்துல மனசு விட்டுப் போயிருப்பான்னு யோசிக்கிறேன்."

"கடவுளே! இனி அவனையும் தேடப் போறீங்களா?"

"தேடக் கூடாது, பேர் போடாம எழுதினது. ஆனா யோசிக்கலாமில்ல?" என்று சொல்லி நாத்தனாரின் டம்ளரில் மிச்சமிருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. விடாக்கண்டி இப்போது அதே துறையில் நிரந்தர ஆசிரியையாக, இரண்டாம் மாடியில் படிக்கட்டுக்கு இடப்பக்கத்து அறையில் இருக்கிறாள். இரண்டாம் ஆண்டுக்கு வெப்பவியல் நடத்துகிறாள்.