காட்டோரச் சுவரில் கோட்டை ராசா

எப்சிக்குக் காடு பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அஸ்தினாபுரத்து மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் காப்புக்காட்டு வேலியை ஒட்டி அவளும் ஜாய்சனும் வீடு கட்டிக்கொண்டு போனதை, சபைத் தோழிகள் ஏதோ தவத்துக்குப் போனமாதிரி பேசினார்கள். தவமாவது ஒன்றாவது! ரயில்வேயில் ஓய்வு பெற்ற மனிதருக்கும், பள்ளிக்கூட அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய மனைவிக்கும் மனை அமைந்தது அங்கேதான். அமைந்த இடத்துக்குப் போனார்கள்.

காடு என்றால் அண்ணாந்து பார்க்கும் காடல்ல. காரை, சூரை, கள்ளி என்று இடுப்புயரத்துக்குப் பிடிவாதமாக நிற்கும் முட்புதர்க்காடு. வந்த முதல் வாரம் விடியலில் மயில் அகவியதைக் கேட்டு, யாரோ பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று எப்சி கணவரை உலுக்கி எழுப்பினாள். ஜாய்சனுக்கோ பாம்புப் பயம். குளியலறைக்குப் போனால்கூடக் கையில் கம்பு.

சின்ன வயதில் எப்சி நன்றாகப் படம் வரைவாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் திறமை, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்கும் ஒட்டகத்தோடு நின்றுபோனது. ஒட்டகம் வரைவதில் அந்தச் சபையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது வேறு விஷயம். இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறதே என்று தூரிகை வாங்கினாள். காட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். வரைந்த புதரெல்லாம் காலிஃபிளவராக வந்தது. கிழித்துப் போட்டாள். மறுபடி வரைந்தாள். மறுபடியும் காலிஃபிளவர். எல்லாம் போய்விட்டது, இனி வராது என்று சமையலறையில் நின்று அழுதாள்.

ஆடி மாதம் எல்லையம்மன் திருவிழா வந்தது. அந்த ஊர்க் கூத்தில் கடைசிப் பகல்தான் விசேஷம். ஏரித் தண்ணீரை ஊருக்கு விடாமல் அடைத்துவைத்த கோட்டை ராசாவை, அம்மன் ஏரிக்கரையில் வைத்து வதம் செய்வாள். ராசா வேஷம் எதிர்வீட்டுப் பொன்னுரங்கத்துக்கு. ஒரு காலத்தில் நெல் விதைத்த குடும்பம். இப்போது அவருக்குத் தண்ணீர் லாரி ஓடுகிறது. தண்ணீரை அடைக்கிற ராசாவாக நடிக்க இவரை விட்டால் யார் என்று ஊரே கேலி பேசும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

புங்கமரத்தடியில் அவர் வேஷம் போட்டுக்கொள்வதை எப்சி போகிறபோக்கில்தான் பார்த்தாள். பார்த்தவள் நகரவில்லை. ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் ஈர்க்குச்சி. கன்னத்தில் சிவப்பு ஏறியது. அதன் ஓரமாக வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இறங்கின. மீசை காதுவரை சுருண்டது. அத்தனை பேர் சுற்றி நின்று வளவளவென்று பேசியும் அவர் கை ஒரு தரமும் தயங்கவில்லை. எப்சிக்கு உள்ளங்கை அரித்தது. புதரையும் இலையையும் பார்த்து வராத துடிப்பு அந்தக் கன்னத்துப் புள்ளியைப் பார்த்து வந்துவிட்டது.

ஏரிக்கரையில் ராசா வெட்டுப்பட்டு விழுந்தார். பம்பை அதிர்ந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். எப்சி அந்த முகத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கதை முடிந்தது என்று நினைத்தாள். அவள் செய்த தவறு அதுதான்.

அந்த வாரமே வெளிச்சுவரில் வரைய ஆரம்பித்தாள். தெருவைப் பார்த்த பெரிய சுவர். ஆளுயர முகம், கிரீடம், விழித்த கண். ஒட்டகம் போட்ட கையா இது என்று ஜாய்சனே வாய்விட்டுச் சொன்னார். "இருந்தாலும் நம்ம வீட்டுச் சுவர்ல இது எதுக்கு எப்சி? பாஸ்டர் வந்தா என்ன சொல்றது?" என்றும் கூடவே சொன்னார். "ஆர்ட்னு சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அவ்வளவு சந்தோஷம்.

பொன்னுரங்கம் லாரியைப் பாதித் தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"டீச்சர், நானா இது? மெய்யாலுமே ராசா கணக்கா கீறேன்!"

எப்சி டீச்சர் அல்ல. ஆனால் கண்ணாடியும் கைப்பையுமாக நடக்கிற கிறிஸ்தவப் பெண்ணென்றால் அந்த ஊருக்கு டீச்சர்தான். அவர் சுவரோடு நின்று செல்ஃபி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

அவர் மனைவி கங்கையம்மாள் மட்டும் வந்து பார்க்கவில்லை. அதுவரை எப்சிக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுப்பவள், தெருப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு, கொல்லைப்புறமாகவே போய்வர ஆரம்பித்தாள். எப்சி சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷனை இன்னொருத்தி இத்தனை உற்றுப் பார்த்து வரைந்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது, போகட்டும் என்று எப்சி விட்டுவிட்டாள்.

ஆவணி பிறந்தது. ஒரு காலையில் லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தோரம் சாய்ந்தார். ஜாய்சன்தான் காரை எடுத்தார். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பு, நிலைமை கொஞ்சம் மோசம், மறுநாள் காலை உள்ளே கம்பி விட்டுத்தான் அடைப்பை எடுக்க வேண்டும் என்றார்கள். உடன் ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் மகள் தமிழினி தங்கிக்கொள்ள, கங்கையம்மாளை ஜாய்சன் திரும்ப அழைத்து வந்தார்.

மறுநாள் காலை எப்சி வெளியே வந்தபோது தெருவில் ஆள் கூடியிருந்தது. யாரும் அவளோடு பேசவில்லை. எல்லோரும் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பால் ஊற்றும் சரசுதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"செத்த ராசாவை இப்டி முழிக்க வெச்சா இன்னா ஆவும் டீச்சர்? இதான் ஆவும்."

எப்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது எதிர்வீட்டுத் தெருக்கதவு திறந்தது. கங்கையம்மாள் தலைகூட முடியாமல் வந்து நின்றாள். சுவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே பேசினாள்.

"ராசாவை வெட்டினப்பறம் அந்த வேசத்தோட அவரு வூட்டாண்ட வரக்கூடாது டீச்சர். ஏரில எறங்கி அல்லாத்தையும் கழுவிட்டு, தன் மூஞ்சியோடதான் வரணும். நான் மஞ்சத்தண்ணி ஊத்தி உள்ள இட்டுகினு போவேன். கட்டிகினு வந்த நாள்லேந்து செத்த ராசா மூஞ்சியை நான் ஒரு வாட்டி பாத்ததில்ல. நீங்க என் வாசலுக்கு நேரா வெச்சுகீறீங்க. கழுவாத மூஞ்சி. தெனிக்கும் கதவைத் தொறந்தா அதான் நிக்கிது."

"அக்கா, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"இன்னான்னு சொல்றது? நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவரு வேற குயந்த மாரி குஷியா கீறாரு. என் வாயாலே எப்டி சொல்லுவேன்?"

எப்சிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பொன்னுரங்கத்துக்கு அடைப்பு வந்தது பீடியாலும் பிரியாணியாலும்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? எதிரே ஒருத்தி தன் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எது அறிவு, எது மூடநம்பிக்கை என்று பிரித்துப் பேசுகிற தைரியம் அவளுக்கு இல்லை. முப்பது வருஷத்தில் அவள் வரைந்த ஒரே நல்ல படம் அது. அது போகப்போகிறது என்ற துக்கமும் கூடவே வந்தது. அந்தத் துக்கத்துக்காக வெட்கமும் வந்தது.

ஜாய்சன் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய அவசரமும் உண்டு. கடகடவென்று உள்ளே போய், மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்ட் வாளியையும் ரோலரையும் எடுத்து வந்தார்.

"இவ்ளோதானே? அஞ்சு நிமிஷத்துல ஒயிட் அடிச்சிடறேன். பிராப்ளம் சால்வ்டு."

ரோலரை நனைத்துக்கொண்டு சுவரை நெருங்கினார். கங்கையம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்து குறுக்கே விழுந்தாள்.

"அய்யோ, அடிக்காதே சார்! அவரு அங்க மூச்சு இசுத்துகினு கீற நேரத்துல, அவரு மூஞ்சியை இங்க இல்லாம பண்ணுவியா?"

தெரு முழுக்க 'ஆமாம், ஆமாம்' என்றது. ஜாய்சன் தூக்கிய கையோடு நின்றார். வெள்ளைப் பெயிண்ட் சொட்டுச் சொட்டாக அவர் செருப்பில் விழுந்தது.

படம் இருந்தாலும் குற்றம், அழித்தாலும் குற்றம். இருதலைக்கொள்ளி எறும்பாக எப்சி தவித்தாள். ஆஸ்பத்திரியில் இந்நேரம் அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், இந்த ஊரில் ஆயுளுக்கும் தலைநிமிர முடியாது. ஊரை விடுங்கள், இந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

"அக்கா, கழுவினாத்தானே அவர் வீட்டுக்கு வரலாம்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்போ நான் கழுவறேன். முகத்தை அழிக்கமாட்டேன். வேஷத்தை மட்டும் எடுத்துடறேன்."

கங்கையம்மாள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

எப்சி வர்ணங்களைக் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முதலில் கிரீடம் போயிற்று. அந்த இடத்தில் நெற்றி வந்தது. கன்னத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மூடினாள். ஒவ்வொன்றும் அவளுக்கு வலித்தது. சிவப்பு அடங்கி மாநிறம் ஏறியது. மீசையின் சுருளை வெட்டினாள். பிறகு தூரிகை நின்றுவிட்டது. வேஷத்துக்கு அடியில் இருக்கிற முகம் எது? எதிர்வீட்டுக்காரர், தினமும் பார்க்கிறவர், நேற்று அவளே தலையைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்ட மனிதர். அவருடைய ராசா முகம் மயிரிழை பிசகாமல் நினைவிருந்தது. சொந்த முகம் நினைவில் இல்லை. அவள் அதைப் பார்த்ததே இல்லை. கைபேசிப் படங்களைத் தேடினால் எல்லாவற்றிலும் மனிதர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"நீங்கதான்கா சொல்லணும்" என்றாள்.

கங்கையம்மாள் ஒரு காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வலது புருவம் பாதியில நிக்கும். பம்பு செட்டு அடிச்ச தழும்பு. மூக்கு நுனி கொஞ்சம் தடிப்பு. இன்னும் கொஞ்சம். கன்னம் உள்ள போயிருக்கும், பல்லு எடுத்துட்டாரில்ல? கண்ணுக்கு அடியில தொங்கும். பாவம், தூக்கமே கெடியாது அந்த மனுசனுக்கு." சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

வெயில் ஏறியது. தெருவில் ஒருவரும் கலையவில்லை. ஜாய்சன் படி ஓரமாக நின்று, உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். கண் ஒன்றுதான் பாக்கி என்ற நேரத்தில் கங்கையம்மாளின் கைபேசி அடித்தது. தமிழினி.

கங்கையம்மாள் திரையைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"எடுங்கக்கா!"

"நீ முடி மொதல்ல" என்றாள். அவள் எப்சியை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எப்சியின் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ராசாவின் உருட்டிய விழியை மூடி, இமையைத் தாழ்த்தி, ஓரத்தில் இரண்டு சுருக்கம் இழுத்தாள். கை தயங்கவில்லை. கீழே இறங்கினாள்.

கங்கையம்மாள் சுவரை நேராகப் பார்த்தாள். "அவருதான்" என்றாள். அப்புறம்தான் கைபேசியை எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு முழிச்சிட்டாராம்" என்றாள் கங்கையம்மாள். "மோட்டாரை ஆஃப் பண்ணியான்னு கேக்கறாராம்."

இதனால்தான் அவர் பிழைத்தார் என்று எப்சி ஒருநாளும் சொன்னதில்லை. ஊர் சொல்லும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் ஒன்று நடந்தது. அந்த வாரமே எப்சி சரசுவை வாசலில் உட்காரவைத்து வரைந்தாள். பிறகு ஆடு மேய்க்கும் முனிரத்தினம். காட்டோரத்தில் அவள் தேடியது புதரில் இல்லை, பால் ஊற்றுகிறவளின் முகவாயில் இருந்தது. ஜாய்சன் கம்பில்லாமல் குளிக்கப் போகிறார் என்பது கூடுதல் செய்தி.

வீடு திரும்பிய அன்று பொன்னுரங்கம் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"இன்னா டீச்சர் இது? ராசாவா கீந்தேன். பல்லு போன லாரிக்காரனா ஆக்கிட்டீங்களே!"

எப்சி வாயெடுப்பதற்குள் கங்கையம்மாள் முந்திக்கொண்டாள்.

"ராசாவை வருசா வருசம் வெட்டிக்கலாம்யா. எனக்கு இந்த லாரிக்காரன்தான் வோணும்."

மனிதர் மகள் தோளை விட்டுவிட்டுச் சுவருக்குக் கிட்டே போனார். சுவரில் இருந்த தன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.