பன்னிரண்டாம் பக்கம்

பன்னிரண்டாம் பக்கத்தோடு அவள் நின்றுவிட்டாள். வெள்ளக்கடை மலைக்கிராமத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் படிக்கட்டும் என்று என் நாவலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். அவள் வயதுப் பிள்ளைகளுக்காகவே எழுதியது. அவளே படிக்காவிட்டால் அது யாருக்கு? மூன்று நாளாக பஸ் டிக்கெட் அதே பக்கத்தில் செருகிக் கிடந்தது.

“ஏன் கண்ணு, கஷ்டமா இருக்கா?”

“இல்லீங்க அத்தை, நொம்ப ஈஸி.” இழுத்தாள். “கதையில அந்தப் புள்ள பெயிலாயி அழுவறா. சரி. அப்புறம் அவ மனசு சருகு, பனி, ஒடிஞ்ச கிளைன்னு ஒரு பக்கம் முழுக்கச் சொல்றீங்க. எங்களுக்கே தெரியாதுங்களா?”

சுட்டது. அன்று மாலையே சருகையும் பனியையும் கூட்டித் தள்ளினேன். வாக்கியங்களை இப்படி நறுக்கினேன்: அழுதாள். வீட்டுக்குப் போனாள். சாப்பிடவில்லை.

மறுநாள் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். “இப்ப மூணாங்கிளாஸ் பாடமாட்டம் இருக்குதுங்க.”

உட்கார முடியவில்லை, நடந்தேன். நடந்தால்தான் எனக்கு வாக்கியம் வரும். சில்வர் ஓக் நிழலில் காப்பிப் பறிப்பு. பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுத்தார்கள், பச்சையைச் செடியிலேயே விட்டார்கள். வாய் ஊர்க்கதை பேசியது, விரல் பிசகவில்லை.

திரும்பி வந்து மூன்றாம் முறை எழுதினேன். பெயிலான மறுநாள் கதைப் பெண் அம்மாவுக்குத் துணையாகப் பறிக்கப் போகிறாள். கேலிக்குப் பதில் கேலி பேசுகிறாள். கூடையைக் கொட்டினால் பாதிக்கு மேல் பச்சை. அவ்வளவுதான். அழுகை என்ற சொல்லே இல்லை.

புதுப் பிரிண்டை அவளிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை வேலியோரம் நின்று கேட்டேன். “எத்தனாவது பக்கம், கண்ணு?”

“பதினஞ்சுங்க. அங்கயே நிக்கறேன்.”

“மறுபடியுமா?”

“அம்மா புடுங்கிக்கிட்டாங்க. தர மாட்டேங்கறாங்க.”

எஸ்டேட்டுக்குக் கிளம்பிய அவள் அம்மா வாசலுக்கு வந்தார். “ஏனுங்க, அந்தப் புள்ள இப்படிப் பச்சையா பறிக்கறாளே, மனசே செரியில்லைங்க அவளுக்கு. மேஸ்திரி வர்றதுக்குள்ள யாராச்சும் பொறுக்கி எடுத்தாங்களா?”

“படிச்சுப் பாருங்க.”

“மத்தியானம் சோத்து நேரத்துல பாத்துக்கறேன்.” தாள்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு பைக்குள் போயின.

“அத்தை!” மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “பதினாறுலயிருந்து எனக்கு வேற பிரிண்ட் எடுத்துத் தாங்க. பஸ் வந்துரும்!”

உள்ளே ஓடினேன்.